அரமனையா, அரண்மனையா?

மைசூர் பஸ் நிலையத்தில் இறங்கி யாரிடம் வழி கேட்டாலும் 'அரமனெ' என்று கை காட்டுவார்கள். நாம் 'அரண்மனை' என்கிறோம். ஒரே சொல்தான், நடுவில் ஒரு மெய்யெழுத்து வித்தியாசம். கன்னடக்காரர்கள் அதை அரசனுடைய மனை என்று பிரிக்கிறார்கள். நமக்கு 'அரண்' என்ற சொல் கைவசம் இருப்பதால், அரண் சூழ்ந்த மனை என்று படித்துப் பழகிவிட்டோம். கேரளத்துக்குப் போனால் இதே சொல் 'அரமன' ஆகி, கிறிஸ்தவ பிஷப்பின் இல்லத்தைக் குறிக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த நாட்களில் எது மூலம், எது திரிபு என்று விடிய விடிய வாதம் செய்ய ஆள் கிடைப்பார்கள். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகு சந்தேகத்தின் திசை மாறிவிட்டது. மூன்று மொழியிலும் 'மனை' மாறவில்லை. அரண்மனை என்பது ஒரு வீடு. சரி, யாருடைய வீடு?

போன தசராவுக்கு மூன்று வாரம் முன்பு இந்தக் கேள்வியோடு மைசூர் அம்பா விலாஸ் அரண்மனைக்குப் போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இந்த விதி எனக்குப் பிடிக்கும். கண் அண்ணாந்து விதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கால் தன் பாட்டுக்கு வேறொரு அரண்மனையைப் பார்த்துக்கொண்டு போகிறது. வெளியே வெயிலில் கல் சுடுகிறது. உள்ளே ஓடு பதித்த தரை சில்லென்று இருக்கிறது. ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிற இடம். அத்தனை பேரின் வெறுங்காலும் பட்டுப் பட்டு சில இடங்களில் தரை எண்ணெய் தேய்த்ததுபோல வழவழப்பாகிவிட்டது. மகாராஜாக்கள் இந்த அளவுக்கு நடந்திருக்க வாய்ப்பில்லை.

தனியாக வழிகாட்டி வைத்துக்கொள்ள மனமில்லாமல் சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டேன். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பெண், எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. வழிகாட்டி ஐந்து மொழி பேசுகிறவர். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "இங்க பாருங்க மேடம், இந்த அம்பாரியில மட்டும் எண்பது கிலோ தங்கம்." கோபுரம் 145 அடி. ராத்திரி எரியும் பல்பு ஏறக்குறைய ஒரு லட்சம். கட்டிய செலவு 41 லட்சத்து 47 ஆயிரத்து 913 ரூபாய். வழிகாட்டிகளுக்கு எண்கள் மேல் தனிப் பிரியம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

நுழைந்ததும் வருவது 'கொம்பெ தொட்டி', அதாவது பொம்மை முற்றம். தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி என்று கல்லூரிப் பெண் நினைத்துக்கொண்டாள். பாட்டி திருத்தினார். "நம்ம பக்கமும் தொட்டிக்கட்டு வீடுன்னு சொல்லுவமே, நடுவுல வாசல் வெச்சு, அதுதான்." நவராத்திரிக்கு இங்கே பொம்மை வைப்பார்கள். நம் கொலுவின் உறவுக்காரத் திருவிழா. அங்கே நின்று பாட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங் கண்ணு, இத்தனை பேரு இருந்த வீட்டுல அடுப்படி எங்க?"

வழிகாட்டி சிரித்தார். "அதெல்லாம் பார்க்க விட மாட்டாங்க, பாட்டிம்மா."

அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான் என்பது என் அபிப்பிராயம். அடுப்படி இல்லாமல் வீடு இல்லை. இந்த அரண்மனைச் சமையற்கட்டின் புகழ் மட்டும் தமிழ்நாட்டில் தீபாவளிக்குத் தீபாவளி பேசப்படுகிறது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் காகாசுர மாதப்பா என்ற அரண்மனைச் சமையல்காரர் கடலை மாவு, நெய், சர்க்கரையைச் சேர்த்துக் கிளறியதில் பிறந்தது மைசூர்பாகு என்று மைசூரில் சொல்வார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் வெள்ளி நாற்காலியைச் செய்த தச்சன் பெயரை யாரும் சொல்லவில்லை. சமையல்காரர் பெயர் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

வழிகாட்டி சொல்லாமல் விட்ட இன்னொரு பெயரிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

1894 டிசம்பரில் கல்கத்தா போன மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் தொண்டை அடைப்பான் நோய் கண்டு அங்கேயே இறந்துபோனார். வயது 31. மூத்த மகன் கிருஷ்ணராஜனுக்குப் பத்து வயது. மகாராணி கெம்பநஞ்சம்மணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. பையன் பெரியவனாகும் வரை சமஸ்தானத்தை ஆளும் பொறுப்பு அந்த அம்மாளிடம் வந்தது. வாணிவிலாச சன்னிதானம் என்பது அவருடைய பட்டப் பெயர். பொறுப்பேற்ற மூன்றாம் ஆண்டில், 1897 பிப்ரவரியில், மூத்த மகள் ஜெயலக்ஷ்மம்மணியின் கல்யாணம். மாப்பிள்ளை வெளியாள் இல்லை, தாய்மாமன் காந்தராஜ அர்ஸ். பின்னாளில் மைசூர் திவானாக இருந்தவர். கல்யாணக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரண்மனையில் தீப்பிடித்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து உடையார்கள் மறுபடி அரியணை ஏறியபோது அவசரமாக எழுப்பிய கட்டடம் அது, பெரும்பகுதி மரம். எரிந்து போயிற்று.

கணவன் போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மகள் கல்யாணத்தில் வீடு எரிகிறது. நம் ஊராக இருந்தால் அந்த அம்மாளை என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் குடும்பத்தைப் பக்கத்திலிருந்த ஜகன்மோகன் அரண்மனைக்கு மாற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் புதிய அரண்மனையின் வேலை தொடங்கிவிட்டது. 1902-ல் பையனுக்கு வயது வந்து, வைஸ்ராய் கர்சன் நேரில் வந்து அதிகாரத்தை ஒப்படைத்தபோது, அம்மா ஒதுங்கிக்கொண்டார். கட்டடம் முடிய 1912 ஆயிற்று. இன்று லட்சக்கணக்கானோர் அண்ணாந்து பார்க்கும் அரண்மனையைக் கட்ட முடிவு செய்தவர் ஒரு இளம் விதவை. அந்தக் காலத்து இந்தியாவில் விதவைக்கு வீட்டு நடுக்கூடத்தில்கூட இடம் இல்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் நிற்கும்போது இது உறைக்கும். எண்கோண மண்டபம். மேலே மயில் கோலம் போட்ட வண்ணக் கண்ணாடி விதானம். கீழே ஓட்டுத் தரையிலும் மயில். விதானத்தைத் தாங்கும் தூண்கள் இரும்பு வார்ப்பு. கிளாஸ்கோவில் வால்டர் மேக்ஃபார்லேன் என்பவரின் வார்ப்பாலையில் செய்து கப்பலில் வந்தவை. ஒருமுறை மரம் எரிந்ததைப் பார்த்தவர்கள் மறுபடி மரத்தை நம்பவில்லை. மாடியில் சுற்றிலும் வளைவு வைத்த காலரிகள். அரண்மனைப் பெண்கள் அங்கேயிருந்து விழாக்களைப் பார்த்தார்கள். கட்டச் சொன்னவர் ஒரு பெண், பெண்களின் இடம் மாடி காலரி. இதைக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மேலே பார்த்துவிட்டு, "அங்கேர்ந்துதான் மேடம் வியூ நல்லா இருக்கும்" என்றாள். அதுவும் வாஸ்தவம்தான்.

கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். சென்னைவாசிகளுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெயர் தெரியாவிட்டாலும் கைவேலை தெரியும். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் சிவப்புக் கோபுரங்களில் இவர் பங்கு உண்டு. எழும்பூர் மியூசியத்துக்குள் இருக்கும் விக்டோரியா நினைவு மண்டபம் இவருடையது. சிம்லாவில் வைஸ்ராய்க்கு மாளிகை கட்டியதும் இவரே. நீதிபதிக்கும் வைஸ்ராய்க்கும் மகாராஜாவுக்கும் ஒரே ஆள் தொப்பி தைத்துக் கொடுத்திருக்கிறார். இந்தப் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். ராஜஸ்தானிலிருந்து கொஞ்சம், தில்லியிலிருந்து கொஞ்சம், ஹொய்சளர் கோயிலிலிருந்து கொஞ்சம். தூண்களை வார்த்த கிளாஸ்கோ பட்டறைக்குப் பெயர் சாரசென் வார்ப்பாலை. தற்செயல்தான்.

இர்வின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பி.பி. ராகவலு நாயுடு பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரண்மனைப் பிரிவின் செயற்பொறியாளர். தில்லி, சென்னை, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களைப் பார்த்து ஆராய்ந்து குறிப்பெடுத்து வந்தவர், வேலையை மேற்பார்த்தவர். வரைபடம் போட்டவனுக்குப் புகழ், வெயிலில் நின்றவனுக்கு ஃபைலில் ஒரு வரி. இது அரண்மனைக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வருத்தம் சுலபமாகப் புரியும்.

இப்போது பணத்துக்கு வருவோம். 41 லட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம் என்று வழிகாட்டி சொன்னதும் சேலத்து அப்பா, "அந்தக் காலத்துல நாப்பது லட்சம்னா என்ன விலை! ஜனங்க வயித்துல அடிச்சதுதானே?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி. 1876-78 பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானத்தின் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழிந்துபோயிற்று. அதற்குப் பின் இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில் அரண்மனை வேலை தொடங்குகிறது. அஸ்திவாரம் போட்ட மறு வருஷம், 1898-ல், சமஸ்தானத்துக்குள் பிளேக் நுழைகிறது. இந்தச் சமயத்தில் மாளிகை எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் தப்பில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மைசூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் அரசுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. 1799 ஏற்பாட்டின்படி இருபத்து நாலரை லட்சம் ரூபாய். 1831-ல் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட பிரிட்டிஷார் ஐம்பது ஆண்டு கழித்து, 1881-ல், ராஜ்ஜியத்தைத் திருப்பித் தந்தபோது கப்பத்தை 35 லட்சமாக உயர்த்தினார்கள். பஞ்சத்தில் நொந்த நாடு என்பதால் உயர்த்திய தொகையை வசூலிப்பதை மட்டும் தள்ளிப் போட்டார்கள். 1896-லிருந்து முழுத் தொகையும் கட்ட வேண்டியதாயிற்று. அதாவது மகாராணி பொறுப்பேற்ற மறு வருஷத்திலிருந்து. அரண்மனை எழுந்த பதினைந்து ஆண்டில் லண்டன் கணக்குக்குப் போனது சுமார் ஐந்தேகால் கோடி. அந்தப் பணத்தில் இதே மாதிரி பன்னிரண்டு அரண்மனை கட்டியிருக்கலாம். கப்பம் குறைந்து பழைய அளவுக்கு வந்தது 1928-ல்தான்.

இதைச் சொல்வதால் நாற்பது லட்சம் நியாயமாகிவிடாது. ரயத்து கொடுத்த காசு இரண்டு வழியில் போயிற்று. ஒரு வழியில் போனது மைசூரில் நிற்கிறது, காலால் தொட்டுப் பார்க்கலாம். இன்னொரு வழியில் போனதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. கன்னடத்தில் நிலவரிக்குப் பெயர் 'கந்தாய'. நம் பழைய பத்திரங்களிலும் 'கந்தாயம்' உண்டு. அரண்மனைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், கோர்ட்டுக்குப் போவதற்கு முன் இந்தச் சொல்லுக்குப் போக வேண்டும் என்பேன்.

கந்தாயம் மட்டும் போதவில்லை. கஜானாவுக்குத் தங்கத்திலிருந்தும் பணம் வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கங்களை நடத்தியது ஆங்கிலேயக் கம்பெனி, சமஸ்தானத்துக்கு ராயல்டி. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். இதைச் சொன்னபோது பாட்டி நின்றுவிட்டார். "எங்க மாமனாரோட அண்ணன் அங்கதான் வேலை பாத்தாரு. நெஞ்சுல தூசி அடைச்சு, இருமி இருமியே போயிட்டாரு." தங்க அம்பாரியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அம்பாரித் தங்கம் கோலார்த் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. "எண்பது கிலோவா சொன்னீங்க?" என்று வழிகாட்டியிடம் மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொண்டார். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டுவிட்டது.

வெளிச்சத்துக்கும் இதே வழிதான். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் 1902-ல் மின்சாரம் எடுத்தார்கள். திட்டத்துக்கு ஆதாரமாக இருந்த திவான் கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். விளக்கு எரிவதைப் பார்க்காமலே 1901-ல் காலமானார். முதல் மின்சாரம் அரண்மனைக்குப் போகவில்லை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குத்தான் போயிற்று. பெங்களூருக்கு 1905-ல், மைசூர் நகரத்துக்கு 1908-ல். ஞாயிற்றுக்கிழமை இரவும் விடுமுறை நாட்களிலும் அரண்மனை ஒரு லட்சம் பல்புகளில் ஜொலிப்பதைப் பார்க்கக் கூட்டம் நெரிகிறது. படபடவென்று ஒரே வீச்சில் எல்லாம் எரியும்போது கூட்டத்திலிருந்து ஒரு 'ஆ' எழும். அழகுதான், மறுக்க முடியாது. கட்டடத்தின் வெளிக்கோடு மட்டும் புள்ளிக் கோலம்போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது இருட்டு. என்னைக் கேட்டால் அரண்மனையைப் பகலில் பாருங்கள், இரவில் கோலத்தைப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பகலில் பார்க்கிறவர்கள் கல்யாண மண்டபத்துச் சுவரை விட்டுவிடக் கூடாது. அவசரக்காரர்கள் விதானத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். சுவர் நெடுக 26 ஓவியச் சட்டங்கள். தசரா ஊர்வலம், தொடக்கம் முதல் கடைசி வரை. 1934-க்கும் 1945-க்கும் இடையே அரண்மனை ஓவியர்கள் பலர் சேர்ந்து, ஊர்வலத்தைப் பிடித்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு வரைந்தது. அதனால் முகங்கள் கற்பனை இல்லை. வாத்தியக்காரன், கொடி பிடிப்பவன், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பவன், வேடிக்கை பார்க்கும் கூட்டம், எல்லாம் இருந்த மனிதர்கள். மகாராஜா யானை மேல் இருக்கிறார், சரி. இந்த அரண்மனையில் மகாராஜா அல்லாதவர்களின் முகத்தை நின்று பார்க்கக்கூடிய இடம் இந்தச் சுவர்தான். நான் அரை மணி நேரம் நின்றேன்.

ஊர்வலம் போய்ச் சேரும் இடத்துக்குப் 'பன்னிமண்டப' என்று பெயர். சேலத்துப் பெண் சிரித்துவிட்டாள். நம் 'வ' கன்னடத்தில் பெரும்பாலும் 'ப' ஆகிவிடும். பன்னி என்பது நம் வன்னி மரம். விஜயதசமி அன்று நம் கோயில்களில் சாமி அம்பு போடும் அதே வன்னி. எழுத்து பெயர்க்கிறவர்கள் இந்தப் பலகையைத் தமிழில் எழுதும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

அம்பாரியில் எனக்குப் பிடித்த விஷயம் தங்கம் இல்லை. அதில் பேட்டரியில் எரியும் இரண்டு சிறு விளக்குகள் உண்டு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. மேலே உட்கார்ந்திருக்கும் மகாராஜா ஊர்வலத்தை நிறுத்தவும் போகச் சொல்லவும் பாகனுக்குக் காட்டும் சிக்னல். அத்தனை பெரிய யானை மேல், அத்தனை தங்கத்துக்கு நடுவில், ராஜா செய்ய வேண்டிய வேலை பொத்தானை அமுக்குவது.

அந்தப் பொத்தானும் போயிற்று. கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் வாழ்க்கை ஒரு விசித்திரமான மொழிபெயர்ப்பு. 1940-ல் ராஜாவானார். சுதந்திரத்துக்குப் பின் ராஜப்பிரமுகர். 1956-லிருந்து மைசூர் மாநிலத்தின் கவர்னர். 1964 முதல் 1966 வரை நமக்கே, சென்னை மாநிலத்துக்கே, கவர்னர். அம்பா விலாசில் பிறந்த மரபுக்காரர் கிண்டியில் அரசாங்க மாளிகையில் குடியிருந்தார். சம்பளக்காரராக இருப்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை; கீர்த்தனை இயற்றுவதிலும் தத்துவம் படிப்பதிலும் பொழுது போயிற்று. 1971-ல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து மன்னர் மானியம் நின்றது. மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்திலேயே தசரா ஊர்வலத்தில் ராஜாவின் இடமும் மாறிவிட்டது. அப்போதிலிருந்து அம்பாரியில் வருவது சாமுண்டேஸ்வரி அம்மன்.

கட்டடத்தின் கதை அவ்வளவு நாகரிகமாக முடியவில்லை. பெங்களூர் அரண்மனையை எடுத்துக்கொள்ள 1996-ல் ஒரு சட்டம், மைசூர் அரண்மனைக்கு 1998-ல் ஒரு சட்டம் என்று கர்நாடக அரசு கொண்டுவந்தது. குடும்பம் வழக்குப் போட்டது. பெங்களூரில் 472 ஏக்கருக்கு மொத்தமே 11 கோடி ரூபாய் என்று அன்று சட்டத்தில் எழுதினார்கள். பின்னால் அதிலிருந்து ரோடு அகலப்படுத்த எடுத்த பதினைந்து ஏக்கர் சொச்சத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய உரிமைகளின் மதிப்பு 3,000 கோடிக்கு மேல் என்று 2024-ல் பேச்சு எழுந்தது. உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் உத்தரவு போட, மாநில அரசு அவசரச் சட்டத்தைத் தேடி ஓடியது. இரண்டு எண்ணும் நியாயமான எண்ணாக எனக்குத் தோன்றவில்லை. பதினொன்றில் குடும்பத்துக்கு அநியாயம். மூவாயிரத்தில் கந்தாயம் கட்டியவனுக்கு அநியாயம்.

மைசூர் அரண்மனையின் ஒரு பகுதியில் குடும்பம் இன்றும் இருக்கிறது. 2013-ல் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் வாரிசில்லாமல் இறந்தபின் 2015-ல் தத்தெடுக்கப்பட்ட யதுவீர், 2024-ல் மைசூர்-குடகு தொகுதியில் நின்று லோக்சபாவுக்குப் போயிருக்கிறார். நவராத்திரியில் பெட்டகத்திலிருந்து பாகம் பாகமாக எடுத்துப் பூட்டிய சிம்மாசனத்தில் தனி தர்பார் நடத்துகிறவர், தேர்தல் நேரத்தில் கை கூப்பிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறார். "எந்த வேஷம் அவருக்குக் கஷ்டம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். மனிதர் உஷாரானவர். "ரெண்டுமே வெயில்தான் மேடம்" என்றார்.

சுற்றி முடித்து, செருப்பை மீட்டுக்கொண்டு, வெளி மைதானத்துக்கு வந்தால் வேறொரு வீடு. தசராவுக்கு முன் யானைகள் நாகரஹொளெ பக்கத்துக் காட்டு முகாம்களிலிருந்து வந்துவிடும். அவற்றோடு பாகன்கள், உதவியாளர்கள், அவர்கள் குடும்பம். ஏறக்குறைய இரண்டு மாதம் அரண்மனை வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். பலர் ஜேனு குருபர்கள். 'ஜேனு' என்றால் தேன். தேன் எடுக்கும் காட்டுக் குடிகள். நம் நீலகிரிக் காட்டில் இருக்கும் தேன் குறும்பர்களின் பங்காளிகள் என்று சொல்லலாம். சரணாலயம் வந்தபோது காட்டுக்குள் இருந்த இவர்களில் நிறையப் பேரை வெளியேற்றினார்கள். பொறுக்கி எடுத்த யானை தினமும் மணல் மூட்டை சுமந்து ஊர்வலப் பாதையில் நடந்து பழகுகிறது. அம்பாரி, கட்டும் கயிறு, மெத்தை எல்லாம் சேர்த்தால் 750 கிலோ வருமாம். எட்டுத் தசராவில் அம்பாரி சுமந்த அர்ஜுனாவை, ஓய்வு பெற்ற பிறகு, காட்டு யானை பிடிக்கும் வேலைக்கு அழைத்துப் போனார்கள். 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்துக் காட்டில் ஒரு கொம்பன் யானையோடு மோதி அது செத்துப்போயிற்று. பாகன்களின் கூடாரப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் இன்னும் குரல் தாழ்கிறது.

கூடாரங்களுக்கு முன்னால் மூன்று கல் கூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். கொடியில் சட்டைகள் காய்ந்தன. அதற்குப் பின்னால் அரண்மனையின் சிவப்புக் கும்மட்டம். சேலத்துப் பாட்டி சிரமப்பட்டு அங்கே வரை நடந்து வந்துவிட்டார். "இதோ இருக்குதே அடுப்படி" என்றார் யாரிடமும் இல்லாமல். களி கிண்டிய பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குக் கன்னடம் தெரியாது. 'முத்தே' என்று அவர் உருண்டையைக் கையில் காட்ட, 'களி' என்று இவர் சொல்ல, என் உதவி இல்லாமலே பேச்சு நடந்தது.

பக்கத்துக் கொட்டகையில் பாகன்களின் பிள்ளைகளுக்குத் தற்காலிகப் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஊரில் வகுப்பு தவறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு தசராவுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு. நான் எட்டிப் பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆசிரியை கரும்பலகையில் கன்னட எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். வெளியே யானையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டதும் பாதி வகுப்பு திரும்பிவிட்டது. விஜயதசமி முடிந்து இரண்டொரு நாளில் லாரிகள் வரும். யானைகளை ஏற்றுவார்கள், கூடாரத்தைப் பிரிப்பார்கள், பள்ளிக்கூடமும் அன்றோடு சரி. அடுத்த வருஷம் யார் யார் வருவார்கள் என்பது எந்தெந்த யானையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.